பெயர், முகவரியுடன் ஒரு நேர்த்தி

விடுமுறைக்குப் போன ஊரில் இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று ஒருமுறையாவது நினைக்காத மனிதர் இருக்க மாட்டார். பெரும்பாலானவர்கள் அதை நினைத்துவிட்டு, விமானம் ஏறி, வீட்டுக்கு வந்து, அழுக்குத் துணியைத் துவைக்கப் போட்டதும் மறந்துவிடுவார்கள். நான் அதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, பெயர், முகவரி எல்லாம் சேர்த்து, கீழே கையெழுத்தும் வைத்து, மாதாவிடம் ஒப்படைத்தவன். ஆகவே இந்த விஷயத்தில் மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு நிறையவே உண்டு என்று கருதுகிறேன்.

என் பெயர் அலோசியஸ். ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறேன். பிறந்தது இலங்கையில், மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்தில், வயலும் குளமுமான ஒரு கிராமம். (கடலுக்கும் எனக்கும் உள்ள உறவு, மீன் குழம்பாகி என் சாப்பாட்டுக் கோப்பைக்கு வரும் இடத்தில்தான் தொடங்கும்.) மனைவி ரீற்றா பள்ளிமுனைக்காரி. தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பம். சண்டைக் காலத்தில், பத்தொன்பது வயதில், ஊரை விட்டு வெளியேறியவள். கரையோரமாக அவளுக்கு ஒரு சீதன வீடு இருந்தது. பக்கத்து வளவில் இருந்த அவளுடைய தம்பி செபமாலை அதைப் பார்த்துக்கொண்டான். ஒவ்வோர் ஓகஸ்ட் மாதமும் நாங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று வாரம் அங்கே தங்குவோம்.

ஓகஸ்ட் மாதத்துப் பள்ளிமுனையில் நான் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆயர் வந்தால் நடக்கும் உபசாரத்தில் முக்கால்வாசி எனக்கு நடக்கும். காலையில் ஒரு வீட்டிலிருந்து நண்டுக் கறி வரும், மத்தியானம் இன்னொரு வீட்டிலிருந்து கணவாய்க் கறி. எங்கே போனாலும் அங்கே இருக்கிற ஒரே மெத்தைக் கதிரை எனக்குத்தான். நோர்வே அரசியலைப் பற்றி நான் ஏதாவது உளறினால் பத்துப் பேர் தலையாட்டிக் கேட்பார்கள். (ஒஸ்லோவில் என் சொல்லைக் கேட்பது பேருந்துக் கதவு மட்டும்தான்; அதுவும் பொத்தானை அழுத்தினால்தான்.) பின்னேரம் கரையில் நின்றால் காற்று முதுகுப் பக்கமாக இதமாக வீசும், முன்னால் கடல் தட்டையாகக் கிடக்கும். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சனங்கள் ஏன் எப்போதும் எதையாவது குறைசொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஆசையைக் கிளப்பிவிட்டவன் ஓலாவ். என்னோடு பேருந்து ஓட்டிய நோர்வேக்காரன். ஸ்பெயினில் ஒரு கடற்கரைச் சிறுநகரத்தில் வீடு வாங்கியிருந்தான். ஓய்வு பெற்றதும் வருடம் முழுவதும் அங்கேதான் என்று ஒவ்வொரு கோப்பி இடைவேளையிலும் படம் காட்டுவான். வெளியே பனி முழங்கால்வரை கிடக்கும், அவனுடைய கைப்பேசிக்குள் நீலக் கடல் மினுங்கும். வயிறு எரியாமல் என்ன செய்யும்? எங்களுக்கும் ஒரு ஸ்பெயின் இருக்கிறது என்று ஒருநாள் நானும் என் கைப்பேசியை நீட்டினேன். சீதன வீடு, கடல், முன்னால் ஒரு கழுதை. (மன்னாரில் எந்தப் படம் எடுத்தாலும் ஒரு கழுதை வந்து நிற்கும்.) ஓலாவ் அதை நன்றாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: “அங்கே நவம்பரில் இருந்திருக்கிறாயா?” அவன் இரண்டு குளிர்காலம் அந்த ஊரில் வாடகைக்கு இருந்து பார்த்தானாம். பாதிக் கடைகள் பூட்டு, சுவரெல்லாம் ஈரம், பேச ஆளில்லை. அதையும் அனுபவித்த பிறகுதான் வீடு வாங்கினானாம். ஓர் ஊரில் வாழ்வதற்கு இவ்வளவு ஒத்திகை பார்க்கிறவர்களை நினைத்து எனக்குப் பரிதாபமாக இருந்தது.

அடுத்த ஓகஸ்ட்டில் பள்ளிமுனை விறாந்தையில் உட்கார்ந்து ரீற்றாவிடம் பேச்சை எடுத்தேன்.

“இஞ்சேயே இருந்திடுவம், ரீற்றா.”

“இருந்து?”

“இருந்து... இருப்பம்.”

“நீங்கள் ஓகஸ்ட்டைப் பாத்து ஆசைப்படுறியள். அது ஊரில்லை, திருநாள்.”

“அப்ப உமக்கு விருப்பமில்லையோ?”

“விருப்பமில்லை எண்டு நான் சொன்னனானோ? யோசிக்க வேணும் எண்டுதான் சொல்லுறன்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒஸ்லோவில் அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள். அந்த வேலையை விட வேண்டும், இருக்கிற வீட்டை விட வேண்டும், படித்துக்கொண்டிருந்த மகளைத் தனியே விட வேண்டும். திரும்பி வந்து ஒட்டவில்லையென்றால் இரண்டு இடமும் இல்லாமல் போகும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் நண்டுக் கறி சாப்பிட்ட வயிறோடு இருந்தேன். யோசிக்க வேண்டும் என்று மனைவி சொன்னால் அதைப் பிடிவாதம் என்று விளங்கிக்கொள்ளும் திறமையும் எனக்கு இயற்கையாகவே அமைந்திருந்தது. ரீற்றாவை மனிதரால் அசைக்க முடியாது, மேலிடத்துக்குத்தான் போக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஒழுங்கை தெருவோடு சேரும் முடக்கில் ஒரு மாதா கெபி இருக்கிறது, குகை மாதிரிக் கட்டிய சிறு ஆலயம். ஓகஸ்ட் பதினைந்தில் திருநாள். அதற்கு முன் ஒன்பது பின்னேரம் நவநாள் நடக்கும். சனம் தங்கள் மன்றாட்டை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். திரேசா ரீச்சர் அவற்றை ஒலிபெருக்கியில் வாசிப்பார். ‘ஒரு தாய் தன் மகனின் குடிப்பழக்கம் நீங்க வேண்டுகிறார்.’ ‘ஒரு சகோதரி தனக்கு நல்ல வரன் அமைய வேண்டுகிறார்.’ அவ்வளவுதான். பெயர் போடுவதில்லை. எந்தத் தாய், எந்த மகன் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அங்கே மரியாதை.

இந்த வழக்கத்தை இருபது வருடம் பார்த்தவன்தான் நான். ஆனாலும் நோர்வேயில் பெயரும் முகவரியும் இல்லாத விண்ணப்பத்தை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று அங்கே பழகிவிட்டது. அத்தோடு, பெயர் உள்ள துண்டுகளை வாசிக்காமல் தனியே மாதாவின் காலடியில் வைத்துவிடுவார்கள் என்று நானாகவே ஒரு சட்டத்தையும் இயற்றிக்கொண்டேன். (யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் நான் அலோசியஸ் இல்லையே.)

நவநாளின் கடைசிப் பின்னேரம். ஒழுங்கை நிறையச் சனம். எனக்கு வழக்கம்போல முன்வரிசைக் கதிரை. ரீற்றா பெண்கள் பக்கம் பாயில் இருந்தாள். திரேசா ரீச்சர் பள்ளிக்கூடத்தில் நாற்பது வருடம் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்ட குரலில் ஒவ்வொரு துண்டாக வாசித்துக்கொண்டு வந்தார். என்னுடையதை எடுத்தவர் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“விண்ணப்பதாரர் அலோசியஸ். நிரந்தர வதிவிடம் ஒஸ்லோ, நோர்வே. தற்காலிக வதிவிடம் பள்ளிமுனை. விடயம்: என் மனைவி ரீற்றா பிடிவாதத்தைக் கைவிட்டு, மனம் மாறி, இந்த ஊரில் வாழ்வதற்குச் சம்மதித்து ஓம் சொல்ல வேண்டும். அவர் ஓம் சொன்னால், நான் ஒரு நாளும் தவறாமல் வருடம் முழுவதும் இங்கேயே வாழ்வேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொள்கிறேன். இப்படிக்கு, உண்மையுள்ள...”

கையெழுத்து விளங்கவில்லை என்று ரீச்சர் அந்த இடத்தில் நிறுத்தினார். மற்றதெல்லாம் பக்கத்து ஊரான தாழ்வுபாடு வரைக்கும் கேட்டிருக்கும்.

பெயர் சொன்ன மன்றாட்டுக்கு நேரே பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை போலும். எல்லாத் தலையும் திரும்பியது. பாதி என்னைப் பார்த்தது, பாதி ரீற்றாவைப் பார்த்தது. பிறகு அவ்வளவு சனமும் சேர்ந்து “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள்.

ரீற்றா பாயிலிருந்து எழும்பினாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவளுக்கு அன்றைக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

“ரீச்சர், ஓம்.”

“மாதாவுக்குத் தோத்திரம்!” என்றார் ரீச்சர். சனம் கைதட்டியது. அந்தக் கெபியில் இவ்வளவு சுறுக்காக ஒரு மன்றாட்டு நிறைவேறியதை யாரும் கண்டதில்லை என்று பிறகு பல பேர் எனக்குச் சொன்னார்கள். நான் எழுந்து கைகூப்பினேன். வெற்றி பெற்றுவிட்டேன் என்றுதான் அந்த நிமிடத்தில் நினைத்தேன் என்பதை வெட்கத்தோடு இங்கே பதிவுசெய்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ரீற்றா கதவைச் சாத்தினாள்.

“பிடிவாதம் எண்டு எழுதினியளோ?”

“அது... ஒரு பேச்சுக்கு...”

“சரி. நான் ஓம் எண்டு மட்டும்தான் சொன்னனான். ஒரு நாளும் தவறாமல் எண்டு எழுதினது ஆர்?”

அப்போதுதான் எனக்கு மெல்ல விளங்கியது. வழக்கறிஞர்கள் இல்லாமல் ஒப்பந்தம் எழுதியிருந்தேன். அதில் அவளுக்கு ஒரு நிபந்தனையும் இல்லை, எனக்குத்தான் எல்லாம். சாட்சிக்கு முழுப் பள்ளிமுனையும் இருந்தது. மகள் தனியாக விமானம் ஏறிப் போனாள். ஒரு வருடம் சம்பளமில்லாத விடுமுறை கேட்டு என் மேலதிகாரிக்கு எழுதினேன். இல்லை என்று சொல்லுவார்கள், அதைக் காட்டித் தப்பிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. அன்று பின்னேரமே அனுமதிக் கடிதம் வந்தது. இவ்வளவு சந்தோசமாக என்னை விட்டுவிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரீற்றாவுக்கும் அவளுடைய வேலையிடத்தில் ஒரு வருட விடுமுறை கிடைத்தது.

செப்ரெம்பர் நடுவில் நண்டுக் கறி நின்றது. யாருக்கும் என்மேல் கோபமில்லை. விருந்தாளிக்குத்தான் கறி அனுப்புவார்கள், ஊர்க்காரனுக்கு ஏன் அனுப்ப வேண்டும்? மெத்தைக் கதிரை பிளாஸ்ரிக் கதிரையானது. ஒக்ரோபரில் அது முக்காலியாகி, பிறகு “அத்தான், உதில நிண்டு கதையுங்கோவன்” என்று ஆனது. நோர்வே அரசியலைக் கேட்க ஆளில்லை. எதிரில் வருகிற ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “இன்னும் போகேல்லையோ?” நான் மாதாவுக்கு வைத்த நேர்த்தியைப் பற்றிச் சொல்வேன். “ஓமோம், கேட்டனாங்கள்தானே” என்பார்கள்.

சும்மா இருக்க முடியாமல் வீட்டைத் திருத்த ஆரம்பித்தேன். அந்த வீட்டில் கடல் பக்கச் சுவரில் யன்னலே இல்லை. அந்த வரிசையில் எந்த வீட்டிலும் இல்லை. எல்லா வீடும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்து நின்றன. நூறு வருடமாக இங்கே வீடு கட்டியவர்களில் ஒருவருக்காவது கடல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையே என்று வியந்தேன். சுவரை உடைத்து, ஆளுயரத்தில் ஒரு கண்ணாடி யன்னல் வைப்பித்தேன். ஓலாவின் ஸ்பெயின் வீட்டுப் படத்தில் இருந்த மாதிரியே.

செபமாலை வந்து பார்த்தான். கண்ணாடியை விரலால் ஒருமுறை தட்டினான்.

“கடலைப் பாக்க வேணுமெண்டால் வெளியில வாங்கோவன் அத்தான். அது எங்க ஓடப் போகுது?”

“கட்டில்ல படுத்துக்கொண்டு பாக்க வேணும், செபமாலை.”

“உள்ளுக்கிருந்து நீங்கள் அதைப் பாப்பியள். அதுவும் உங்களைப் பாக்கும்,” என்றுவிட்டுப் போனான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பரில் வாடைக்காற்று வந்தது. ஓகஸ்ட்டில் முதுகைத் தடவிக்கொடுத்த காற்று இப்போது நேரே கடலிலிருந்து முகத்துக்கு வந்தது. முதல் நாள் மழை. இரண்டாம் நாளும் மழை. சுவர் வியர்த்தது, அலுமாரிக்குள் சேட்டுகளுக்குப் பூஞ்சணம் பிடித்தது, கதவு ஊதிப்போய்ச் சாத்த மறுத்தது. படகுகள் கடலுக்குப் போகவில்லை, மீன் இல்லை. கரையோர ஊரில் இருந்துகொண்டு தகரத்தில் அடைத்த ரின் மீன் சாப்பிட்டேன். (நோர்வேயில் அடைத்தது.) மூன்றாம் நாள் காலையில் செபமாலையும் ஊர் ஆண்களும் படகுகளை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் உதவிக்குப் போகவில்லை. போனால் இடைஞ்சலாக இருப்பேன் என்று அடக்கத்தோடு கட்டிலில் படுத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி குறுக்காக வெடித்தது. பிறகு முழுதாக உள்ளே வந்து விழுந்தது. அதற்குப் பின்னால் மழையும் மணலும் சாதாளைக் கடற்பாசியும் வந்தன. என்னிடம் இருந்த ஒரே மழையுடுப்பு பேருந்துக் கம்பனி கொடுத்த மஞ்சள் மேற்சட்டை, இருட்டிலும் பளிச்சிடுவது. அதைப் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடி “வீடு போகுது, வீடு போகுது!” என்று கத்தினேன். அந்தக் கரையில் மீட்புப் பணியாளன் மாதிரித் தோற்றமளித்தவன் நான் ஒருவன்தான். மீட்கப்பட வேண்டியிருந்தவனும் நான் ஒருவன்தான்.

நாலு பேர் படகை விட்டுவிட்டு என்னோடு ஓடிவந்தார்கள். நாங்கள் வருவதற்குள், சாத்தாத கதவு வழியாக இரண்டு கழுதைகள் வீட்டுக்குள் ஒதுங்கியிருந்தன. ஒன்று அலுமாரியோரமாக நின்றது. மற்றது மேசையிலிருந்த என் கடிதக் கட்டை இழுத்துவைத்து, கம்பனியின் விடுமுறைக் கடிதத்தைத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் யன்னல் ஓட்டைக்குத் தறப்பாளும் பலகையும் அடித்தார்கள், இரண்டு பேர் கழுதைகளோடு மல்லுக்கட்டினார்கள். நான் எல்லோருக்கும் ஆலோசனை சொன்னேன்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். அவர்கள் திரும்பிப் போனபோது, கரையில் எடுக்காமல் விட்டிருந்த செபமாலையின் இரண்டு வலைகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவன் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு, “அத்தானுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?” என்று ரீற்றாவிடம் கேட்டான். அதைவிட அவன் எனக்கு ஓர் அறை விட்டிருக்கலாம். ஓகஸ்ட்டில் நான் அவர்களுக்கு விருந்தாளி, நவம்பரில் பாரம். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

போய்விட வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆனால் எப்படிப் போவது? ஊரறிய மாதாவுக்கு நேர்ந்ததை முறித்துவிட்டு விமானத்தில் ஏற எனக்குப் பயம். அது பெரிய விமானம், மற்றவர்களும் இருப்பார்கள். கடைசியில் பழைய வழியிலேயே போனேன். சனிக்கிழமைகளில் வாராந்த நவநாளும் உண்டு; அதற்கு ஒரு துண்டு எழுதினேன். இந்தத் தடவை பெயர் இல்லை, முகவரி இல்லை, கையெழுத்து இல்லை. எழுத்தை அடையாளம் பிடிக்காமலிருக்க இடக்கையால் எழுதினேன்.

மழையென்பதால் நவநாளைக் கோயிலுக்குள் வைத்திருந்தார்கள். திரேசா ரீச்சர் என் துண்டைச் சிரமப்பட்டு வாசித்தார்.

“வெளிநாட்டில் வாகனம் ஓட்டும் ஓர் அடியான், தான் அவசரப்பட்டுச் செய்த நேர்த்தியொன்றிலிருந்து கௌரவமான முறையில் விடுபட வேண்டுகிறார்.”

ஒரு தலையும் திரும்பவில்லை. கோயில் நிறைந்த சனம் அத்தனையும் நேரே பீடத்தைப் பார்த்தது. ஒருவர் தோளாவது குலுங்கும், ஒருவராவது இருமுவார் என்று பார்த்தேன், இல்லை. அவ்வளவு மரியாதையை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. பிறகு ஆணும் பெண்ணுமாக ஒரே குரலில், உள்ளத்தின் ஆழத்திலிருந்து, “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று மறுமொழி சொன்னார்கள். அந்தக் கோயிலில் ஒரு மன்றாட்டுக்கு அவ்வளவு பக்தியான மறுமொழியை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்கவில்லை. செபமாலையின் குரல் தனியாகத் தெரிந்தது.

முடிந்ததும் பங்குச் சுவாமி என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். குருவாகி மூன்று வருடம்கூட ஆகாதவர், என் பிள்ளை வயது. முகத்தைக் கடினமாக வைத்திருக்கப் பெரும்பாடு பட்டார்.

“என்ன கேட்டு நேர்ந்தனியள்?”

“ரீற்றா ஓம் சொல்ல வேணுமெண்டு, சுவாமி.”

“சொன்னவவோ?”

“சொன்னவ.”

“எவ்வளவு நேரத்தில?”

“அந்த இடத்திலேயே.”

“அப்ப மாதா தன்ர பக்கத்தை முடிச்சுப்போட்டா. நீங்கள்தான் மிச்சம்.”

நான் கழுதை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு மட்டும் இலேசாக ஆடியது.

“நேர்த்தியை இல்லாமலாக்கேலாது. வேறொண்டா மாத்தித் தரலாம். வருசம் முழுக்க வேண்டாம். ஆனால் வருசாவருசம் நவம்பர் மாசம் வந்து இஞ்ச இருங்கோ.”

“ஓகஸ்ட்டில வந்தால் காணாதோ, சுவாமி?”

“ஓகஸ்ட் செல்லாது.”

குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ரீற்றா குசினியில் செபமாலையின் மனைவியோடு ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். விடுதலை கிடைத்துவிட்டது, பெட்டியைக் கட்டு என்றேன். செபமாலையின் மனைவி மெல்ல எழும்பிப் போனாள். ரீற்றா அடுப்பைத் தணித்தாள்.

“நீங்கள் போங்கோ. நான் வரேல்லை.”

“ஏன்? கோவமோ?”

“கோவமெல்லாம் செப்ரெம்பரோட போட்டுது. இஞ்ச பாருங்கோ, நீங்கள் ஆசைப்பட்டது ஓகஸ்ட்டுக்கு. எனக்கு இந்த நவம்பரைத் தெரியும், இதுக்குள்ளதான் வளந்தனான். திரும்பவும் இதைத் தாங்குவனோ எண்டுதான் பயந்து யோசிச்சனான். இப்ப பாத்திட்டன், ஏலும். ஒஸ்லோவில நவம்பர் வந்தால் நான் வேலையால வந்து லைற்றைப் போட்டிட்டு உங்கட பஸ் எப்ப வரும் எண்டு யன்னலைப் பாத்துக்கொண்டு இருக்கிறனான். இருவத்திரெண்டு வருசம். அதை நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை.”

கேட்கவில்லைத்தான். அவள் ஒஸ்லோவில் அப்படிச் சிரித்ததை நான் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவள் மனம் மாற வேண்டுமென்று வேண்டினேன். மாறியிருந்தது. நான் மாறவேண்டும் என்று யாரும் வேண்டிக்கொள்ளவில்லை.

அந்த வாரமே புறப்பட்டேன். நேர்ந்த நாளிலிருந்து தொண்ணூற்றேழாவது நாள். ஒஸ்லோவில் ஓலாவ் என்னைக் கண்டதும் ஒரு கோப்பி வாங்கித் தந்தான். நண்பர்கள் தணிந்த குரலில், பிரிந்துவிட்டீர்களா என்று விசாரித்தார்கள். இல்லை, ஒருவர் நேர்த்தியைச் செய்தார், மற்றவர் நிறைவேற்றுகிறார் என்று விளக்கினேன். அவர்களுக்கு விளங்கவில்லை. ரீற்றா கோடையில் இரண்டு மாதம் ஒஸ்லோ வருவாள். நான் ஒவ்வொரு நவம்பரும் போகிறேன். முதல் நவம்பரில் இரண்டு வலைகளைக் கொண்டுபோய்ச் செபமாலையிடம் கொடுத்தேன். கடல் பக்க யன்னல் ஓட்டையை ரீற்றா கல்லுவைத்துக் கட்டி அடைத்திருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு இரண்டு வகையான வருடம் உண்டு. சாதாரண வருடத்துக்கு முந்நூற்றறுபத்தைந்து நாள். அத்தானின் வருடத்துக்குத் தொண்ணூற்றேழு. ஒரு வருடத்துக்கு உத்தரவாதம் என்று சொல்லி யாராவது பொருள் விற்க வந்தால், எந்த வருடம் என்று கேட்பார்கள். என் மகளும் கேட்கிறாள், அவள் நோர்வே மொழியில் கேட்கிறாள்.

போன நவம்பரில் செபமாலையின் மகளுக்குக் கலியாணம் பேசினார்கள். பையன் வீட்டார் அரிப்பு என்ற ஊரிலிருந்து வந்திருந்தார்கள். பொருத்தமெல்லாம் சரி, ஒரே ஒரு சங்கதி என்று பையனின் தகப்பன் தயங்கினார். வீடு கட்டி முடிய வேணும், ஒரு வருசம் பொறுக்க வேணும் என்றார். செபமாலை முகத்தை வெகு அப்பாவித்தனமாக வைத்துக்கொண்டான்.

“சாதாரண வருசமோ, எங்கட அத்தானின்ர வருசமோ, சம்பந்தி? அத்தானின்ர எண்டால் மாசிக்குள்ள முடிஞ்சிடும்.”

எங்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. வந்தவர்களுக்குக் கதையைச் சொன்னார்கள், கெபி, ஒலிபெருக்கி, கழுதை ஒன்றும் விடவில்லை. கடைசியில் அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ரீற்றா தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“அந்த வருசத்தில இன்னும் இருநூற்றி அறுபத்தெட்டு நாள் கிடக்கு,” என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி. “எப்ப வாறியள்?”